எட்டு பேரிங்கும் நல்ல தண்ணியும்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். கட்டவெரலு வலிக்கும், தப்புத் தப்பா அடிப்பேன், ஒம்போதாவதோட ஸ்கூலுக்குக் கும்புடு போட்டவன் கத எழுத வந்துட்டான் பாருன்னு ஆளுக்கொரு ஸ்டிக்கர் போடுவீங்க. போடுங்கடா. இருபத்தெட்டு வயசுல பாதி பேருக்கு முன் மண்ட காலி, மீதி பேருக்குத் தொப்ப. உங்க கிண்டலுக்கெல்லாம் பயந்தா முடியுமா.

முந்தாநேத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்புல மஸ்கட்காரன் அவன் பையனுக்கு வாங்குன ரிமோட் காரு போட்டோவப் போட்டு, "சக்கரம் இறுகிக்கிச்சு, இன்னா பண்றது"ன்னு கேட்டான். ஒம்போது பேரு "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு"ன்னீங்க. ஒருத்தன் மட்டும் "தேங்கா எண்ணெ விடு"ன்னான். லாரிக்காரர் பையன். அந்த நாயி அன்னைக்கு என் கூடவே இருந்து தேங்கா எண்ணெ இன்னா பண்ணுச்சுன்னு கண்ணால பாத்தவன். பாத்தும் சொல்றான்னா இவன இன்னா பண்றது? அதான் எழுதறேன்.

நாம ஆறாவது படிக்கசொல்ல நடந்தது. பொங்கல் முடிஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும். என் சித்தி அப்போ பாண்டி பக்கம் குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் அவுஸ்ல ரூம் கிளீன் பண்ணிக்கினு இருந்தா. வெள்ளக்காரங்க விட்டுட்டுப் போறது பாதி எங்க வீட்டுக்குத்தான் வரும். தீந்துபோன ஷாம்பு, ஒத்தக் காலு சாக்ஸு, எந்த பாஷைன்னே தெரியாத புஸ்தகம். அன்னைக்கு ஒரு அட்டப் பொட்டி வந்துச்சு.

"பீச்சு மணல்ல போட்டு ஓட்டுனானாம் ஒரு வெள்ளக்காரப் பையன். அப்பறம் நகரவே மாட்டேன்னுடுச்சாம். குப்பைல போட்டுடுன்னாங்க. உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, எடுத்தாந்தேன்"ன்னா சித்தி.

உள்ள செவப்புக் காரு. ஒரு முழம் நீளம். பொம்மக் கடைல விக்கற டப்பாக் காரு இல்லடா, இது வேற ஜாதி. ஸ்ப்ரிங்கு இருக்குது, பல்சக்கரம் இருக்குது, ரிமோட்டு துப்பாக்கி மாதிரி வெரலால இழுக்கறது. பேட்டரி, சார்ஜர் எல்லாம் பத்திரமா இருந்துச்சு. சார்ஜ் போட்டு இழுத்தா மோட்டாரு "ஙொய்ய்"ங்குது. சக்கரம் மட்டும் அசையல. கையால திருப்புனா மணலப் போட்டு அரைக்கற மாதிரி சத்தம். அந்த ரப்பர் டயர் வாசனையும் உள்ளேர்ந்து வந்த கடல் வாடையும் இன்னும் என் மூக்குலயே இருக்குது.

மறுநாள் அத தூக்கிக்கினு அப்பாகிட்டக் காட்ட அவரு வேல செய்யற உப்பளத்துக்கு ஓடினேன். அதான் நான் பண்ண மொதத் தப்பு.

மழைத் தண்ணிய வடிச்சுட்டு, சேறு வாரிப் போட்டு, பாத்தி மிதிச்சுக்கினு இருந்த நேரம் அது. உங்கள்ல பாதி பேரு உப்பத் தட்டுல மட்டுமே பாத்தவனுங்க, அதனால சொல்றேன். பத்துப் பன்னெண்டு பேரு வரிசையா நின்னு வெறுங்காலால அடிமண்ண மிதிமிதின்னு மிதிப்பாங்க. அப்பறம் பலகையால அடிப்பாங்க. தரை சிமெண்ட்டு மாதிரி ஆகற வரைக்கும் விட மாட்டாங்க. மிதிச்சு முடிச்சுட்டா, உப்பு வெளையறதுக்கு உப்புத் தண்ணி ஏத்தற வரைக்கும் அதுல ஒருத்தன் கால் வெக்கக் கூடாது. நாய் எறங்குனாக்கூட கல்லால அடிப்பாங்க. ஒரு குழி விழுந்தாலும் அந்த எடத்துல உப்போட மண்ணும் சேந்து வரும்.

அன்னைக்குன்னு பாத்து அளத்து முதலாளி கார்ல வந்து எறங்கறாரு. கூடவே அவரு பையன். நம்ம வயசுதான், பாண்டில இங்கிலீஷ் ஸ்கூலு. அவன் கண்ணு என் காரு மேல நின்னுடுச்சு. அவன் மேல தப்பில்ல, எனக்கும் அப்படித்தான் நின்னுச்சு.

"இன்னாப்பா அது, உன் பையன் கைல?"ன்னாரு முதலாளி.

"ஓடாத வண்டிங்க. குப்பைல கெடந்துது"ன்னாரு அப்பா.

"ஓடாதத வெச்சு இன்னா பண்ணப் போறான்? குடுத்துடு. பாண்டில குடுத்து சரி பண்ணிக்கறோம். என் பையன் ஆசப்படறான்."

அப்பா தலைய ஆட்டிட்டாரு. "சரிங்க. தண்ணி ஏத்தற அன்னைக்கு வருவீங்களே, தொடச்சு கிடச்சு வெக்கறேன்."

தொடச்சு வெக்கறாராம்! வீட்டுக்கு வந்து நான் போட்ட ஆட்டத்துல ரெண்டு சட்டி ஒடஞ்சுது. அப்பா சட்டித் துண்டுங்களப் பொறுக்கிக்கினே சொன்னாரு: "ஓடாத வண்டின்னு சொல்லித்தான் குடுக்கறேன்னேன். ஓடுச்சுன்னா வேற பேச்சு. நானே வாயத் தொறந்து கேக்கறேன் அவருகிட்ட. ஓடலைன்னா அழக் கூடாது, நீயே உன் கையால குடுக்கணும்."

"எத்தினி நாளு இருக்குது?"

"மூணு வாரம்."

அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. ஓட வெச்சே தீருவேன்னு உக்காந்துட்டேன். வேற எதுலயும் எனக்கு இப்படி வெறி வந்ததில்ல. வந்திருந்தா கணக்குல பாசாகியிருப்பேன்.

மொதல்ல லாரிக்காரர் பையனோட யோசன. தேங்கா எண்ணெ. பாட்டிலு பாதி ஊத்திட்டான். சாயங்காலம் சக்கரம் கொஞ்சம் அசஞ்சுது, குதிச்சோம். காலைல எழுந்து பாத்தா தை மாசப் பனிக்கு எண்ணெ ஒறஞ்சு, கூட இருந்த மணலச் சேத்துக்கினு, நாலு சக்கரமும் நெய் மைசூர்பாகு மாதிரி நிக்குது. இவன்தான் இன்னைக்கு மஸ்கட்காரனுக்கு வைத்தியம் சொல்றான்.

அப்பறம் கட்டிங் பிளேயரால நட்டத் திருகி சக்கரத்தக் கழட்டுனேன். உள்ள சட்ட பட்டன் சைஸ்ல ஒரு வளையம். அதான் பேரிங்கு. உள்பக்கம் கொஞ்சம் பெருசா இன்னொண்ணு. சக்கரத்துக்கு ரெண்டு, ஆக மொத்தம் எட்டு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் மெல்லிசா ரப்பர் மூடி. அம்மாவோட ஊக்க எடுத்து ஓரத்துல நெம்புனா மூடி வந்துடுச்சு. உள்ள கடுகு மாதிரி குண்டுங்க, வரிசையா. எல்லாம் துரு, பழுப்புக் கலர்ல சாந்து மாதிரி.

சைக்கிள் கடைல செயின பெட்ரோல்ல ஊற வெப்பாங்கன்னு நமக்குத் தெரியும். லாரிக்காரர் பையன் அவங்கப்பா பைக்லேர்ந்து டியூபு போட்டு உறிஞ்சி ஒரு குவாட்டர் பாட்டில்ல புடிச்சாந்தான். பாதி குடிச்சிருப்பான்னு நெனைக்கறேன், அதான் இன்னைக்கும் அப்படியே இருக்கான். பேரிங்கப் பாட்டில்ல போட்டுக் குலுக்குனா பெட்ரோலு டீ கலர் ஆகுது. மறுபடி புதுசா ஊத்திக் குலுக்கு. நாலாவது தடவ எடுத்து, பென்சில்ல மாட்டி வெரலால சுண்டுனேன்.

சர்ர்ர்ருன்னு சுத்துச்சு பாரு. நிக்கவே இல்ல. ரெண்டு பேரும் மூச்சு விடல.

ஆனா ஒரு சிக்கல். கையெல்லாம் பெட்ரோலு நாத்தம். எங்கம்மா கேட்டா இன்னா சொல்றது? திருட்டு பெட்ரோலாச்சே. சொன்னா இவன் தோல உரிச்சு காயப் போட்டுடுவாரு அவங்கப்பா. அதனால கையையும் கழுவினேன், பேரிங்கையும் சோப்பு போட்டுக் கழுவினேன். எங்க தெருவுல ரெண்டு அடிபம்பு. ஒண்ணு உப்புத் தண்ணி, பாத்திரம் தேய்க்க. இன்னொண்ணு நல்ல தண்ணி, குடிக்க. நான் புத்திசாலியாச்சே, நல்ல தண்ணி பம்புலதான் கழுவினேன். வெயில்ல காய வெச்சு மாட்டினேன்.

ரெண்டு நாளு ஓடுச்சு. மூணாவது நாளு "கரகர." கழட்டிப் பாத்தா மறுபடியும் துரு.

சரி, சரியாக் கழுவலன்னு இன்னும் நல்லாக் கழுவினேன். இன்னும் சீக்கிரமாத் துரு புடிச்சுது. மூணாவது தடவ ராத்திரி பூரா நல்ல தண்ணிலயே ஊற வெச்சேன்டா. காலைல பேரிங்கு எடுத்தா ஆரஞ்சு கலர்ல தண்ணி. ஒக்காந்து அழுதேன். யாருகிட்டயும் சொன்னதில்ல, இப்ப சொல்லிட்டேன்.

இதுக்கு நடுவுல எங்கம்மா ஒரு புதுப் பழக்கம் ஆரம்பிச்சா. சாயங்காலம் ஆனா என்னக் கூப்புட்டு மடில சாச்சு, தல முடிய, கைய, வாய எல்லாம் மோந்து மோந்து பாப்பா. பாசம் பொங்குதுன்னு நெனச்சு நானும் கொழஞ்சுக்கினு கெடந்தேன். ஒரு நாளு ஹெட்மாஸ்டர் கூப்புட்டு காரணமே சொல்லாம பெரம்பால நாலு வெச்சாரு. "எவ்ளோ நாளா?"ன்னு கேட்டாரு. "ரெண்டு வாரமா சார்"ன்னேன், காரப் பத்தித்தான் கேக்கறாருன்னு. இன்னும் நாலு வெச்சாரு.

அப்பறம்தான் தெரிஞ்சுது. ஸ்கூலு பின்னாடி பெரிய பசங்க சில பேரு போதைக்குப் பெட்ரோலு மோந்து மாட்டியிருந்தானுங்க. எங்கம்மா விறகு அடுக்குன எடத்துல அந்தக் குவாட்டர் பாட்டிலக் கண்டுட்டு, நேரா ஹெட்மாஸ்டருகிட்ட போயி அழுதிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.

இப்படி அடியும் துருவுமா போயிக்கினு இருந்தப்போ உள்ளூருக்காரி ஒருத்தி வந்தா. உள்ளூருன்னா கடலு பக்கம் இல்லாம உள்ள தள்ளி, திண்டிவனம் தாண்டி. என் அத்தை, அப்பா கூடப் பொறந்தது. ஏரி தண்ணி குடிச்சு வளந்த வாயி. அம்மா சொம்புல தண்ணி குடுத்தா. அத்தை ஒரு மடக்கு குடிச்சுட்டு வாசல்ல துப்பிட்டா.

"இன்னா அண்ணி, ரசத்துக்கு வெச்சிருந்தத மாத்திக் குடுத்துட்டியா?"

அம்மாவுக்கு மூக்கு மேல கோவம். "நல்ல தண்ணிடியம்மா அது. ஊரே குடிக்குது."

"இதா நல்ல தண்ணி? உப்புக் கரிக்குது அண்ணி! உங்க நாக்கு செத்துப் போச்சா?"

அவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு இருக்காங்க, எனக்குக் காதுல ஒண்ணும் விழல. ஓடிப் போயி எவர்சில்வர் தட்டுல நல்ல தண்ணி புடிச்சு வெயில்ல வெச்சேன். மத்தியானம் வரைக்கும் அங்கியே குந்திக் கெடந்தேன். காஞ்சு போச்சு. தட்டுல வெள்ளையா ஒரு வட்டம். வெரலால தொட்டு நாக்குல வெச்சேன்.

உப்பு.

அப்பா, அவங்கப்பா, ஊரே உப்பு எடுக்கற ஊரு. குடிக்கற தண்ணில உப்பு இருக்குதுன்னு எங்க ஒருத்தன் நாக்குக்கும் தெரியல. ஒரு எடத்துல கம்மியாக் கரிச்சா அதுக்கு நல்ல தண்ணின்னு பேரு வெச்சுட்டோம். நான் மூணு வாரமா பேரிங்க உப்புல ஊறுகா போட்டுக்கினு இருந்திருக்கேன். நாசம் பண்ணது பீச்சு மணலு இல்ல, என் அக்கறதான்.

தண்ணி ஏத்த இன்னும் ரெண்டே நாளு.

நேரா அம்மா முன்னாடி போயி உக்காந்தேன். பாட்டிலு, ஊக்கு, பென்சிலு, எட்டு பேரிங்கு எல்லாத்தையும் பரப்பினேன். அம்மா பாட்டிலப் பாத்ததும் தொடப்பத்த எடுத்துட்டா. "அடிக்கறதுன்னா அடி. மொதல்ல இதப் பாரு"ன்னேன். அவ கண்ணு முன்னாடியே மூடிய நெம்பி, பெட்ரோல்ல குலுக்கி, துணில ஒத்தி, பென்சில்ல மாட்டிச் சுண்டினேன். சர்ர்ர்.

அம்மா தொடப்பத்தக் கீழ வெச்சா. "இதுக்காடா? இதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீ எங்க கேட்ட? மோந்துதான பாத்த."

அம்மா முந்தானைல மூக்கச் சிந்திக்கினு, "ஹெட்மாஸ்டரு எத்தினி அடி அடிச்சாரு?"ன்னா. எட்டுன்னேன். "பேரிங்குக்கு ஒண்ணு"ன்னேன். சிரிச்சுட்டா. எழுந்து போயி பக்கத்து வீட்டுத் தையக்கார அக்காகிட்ட மெஷின் எண்ணெ வாங்கியாந்து குடுத்தா.

மஸ்கட்காரா, இங்க கவனி. தண்ணியே படக் கூடாது. மூடிய ஊக்கால எடு, பெட்ரோல்ல குலுக்கு, கலங்காத வரைக்கும் மாத்து, நெழல்ல காய வை. ஊசி மொனைல ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெ. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு. எண்ணெயே இல்லாமயும் ஓட்டாத, குண்டு தேஞ்சுடும். காதுகிட்ட வெச்சு சுத்து. சத்தம் வந்தா மறுபடி கழுவு. மூடியப் போடு. வீட்டுக்குள்ள பண்ணாத, அடுப்பு பக்கம் போவாத, உன் பொண்டாட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடு.

ஏழு பேரிங்கு தேறுச்சு. எட்டாவது ஒண்ணு, எடது பக்கம் பின்னாடி, குண்டே ஒடஞ்சு போச்சு. அதுக்கு பதிலா ஸ்கெட்சு பேனா மூடிய அறுத்து, தேச்சுத் தேச்சு, பட்டன் மாதிரி வளையம் பண்ணி மாட்டினேன். ஓடுச்சு. லேசா எடது பக்கம் இழுத்துச்சு. பரவால்லன்னு விட்டுட்டேன்.

தண்ணி ஏத்தற அன்னைக்குக் காலைல அளத்துல கற்பூர வாசன. பூசணிக்கா ஒடச்சிருந்தாங்க. முதலாளி வெள்ள வேட்டி, ஷூ. பையன் பக்கத்துல. மிதிச்சவங்க எல்லாரும் வரிசையா நிக்கறாங்க. பாத்தி கண்ணாடி மாதிரி கெடக்குது, காக்கா நெழலு விழுந்தாக்கூடத் தெரியுது.

அப்பா என் காதுகிட்ட வந்து சொன்னாரு: "வரப்பு மேலயே ஓட்டு. பாத்தில எறங்குச்சு, உன்ன அதுலயே பொதச்சுடுவேன்."

லாரிக்காரர் பையன் வரப்போட அந்தக் கோடில நிக்கறான், காரப் புடிச்சுத் திருப்பி விட. இந்தக் கோடில நானு, முதலாளி, அவரு பையன். இழுத்தேன். காரு கெளம்புச்சு. ஒரு சத்தம் இல்லடா. துரு இல்ல, மணலு இல்ல, தண்ணில வழுக்கற மாதிரி போச்சு. வரிசைல நின்னவங்க "ஏய்ய்"ன்னாங்க. முக்கால்வாசி வரப்பு போயிடுச்சு.

அங்க பேனா மூடி வேலையக் காட்டுச்சு. எடது பக்கம் இழுத்துச்சு, இழுத்துச்சு, பாத்திக்குள்ள விழுந்துடுச்சு.

விழுந்த எடத்துலயே சக்கரம் ஒரு நிமிஷம் சுத்துச்சு, அப்பறம் வேகமெடுத்து கெளம்புச்சு. நான் வெரல விட்டிருக்கலாம். விட்டிருந்தா நின்னிருக்கும், யாராவது எடுத்திருப்பாங்க, ஓடல பாருன்னு குடுத்திருப்பாங்க. விடல. ஓடணும்னுதான பேச்சு? ஓட்டினேன். அந்தப் பாத்தில ஓடுன மாதிரி அது வாழ்க்கைல எங்கயும் ஓடல. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி, மூணு சுத்து. கடைசியா எங்க காலடில வந்து நின்னுச்சு.

"ஏம்பா, ரெண்டு வாரம் மிதிச்ச பாத்தி! அறிவிருக்குதா உன் பையனுக்கு?"ன்னு முதலாளி கத்தினாரு.

அப்பா அந்தக் கோடிப் பக்கமா வரப்பு மேலயே நடந்து போனாரு. வெறுங்காலோட பாத்தில எறங்கி அங்கியே குந்தினாரு. ரெண்டு கையாலயும் தரையத் தடவினாரு. குந்தினபடியே எங்களப் பாத்துக் கூவினாரு.

"பாருங்க முதலாளி! தடம் இருக்குதா பாருங்க. நாங்க மிதிச்ச பாத்திங்க இது. வண்டி என்ன, மாடு ஓடுனாலும் தடம் விழாது!"

முதலாளி வரப்பு மேல நின்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. நானும் பாத்தேன். எங்க பக்கம் ஒரு கோடு கூட இல்ல. சத்தியமா இல்ல.

"வண்டி ஓடுதுங்க"ன்னாரு அப்பா, அங்கேர்ந்தே. "அதனால அது பையன்கிட்டயே இருக்கட்டுங்க."

அவரு முதலாளிகிட்ட அப்படி ஒரு வார்த்த பேசி நான் பாத்ததே இல்ல. முதலாளி அவரு பையனப் பாத்தாரு. அவன் என்னப் பாத்து, "ஒரு தடவ ஓட்டிட்டுக் குடுத்துடறேன்"ன்னான். குடுத்தேன். வரப்புல ஓட்டினான், அவனும் எடது பக்கம் இழுக்குதுன்னான். அவ்ளோதான், கெளம்பிட்டாங்க. அவங்க காரு ரோட்டுல ஏறி மறையற வரைக்கும் அப்பா அங்கியே குந்திக் கெடந்தாரு. காலு மரத்துப் போச்சு போலன்னு நெனச்சேன். அப்பறம் மடையத் தொறந்து தண்ணி விட்டாங்க.

அந்தக் காரு ரெண்டு வருஷம் ஓடுச்சு. ஒரு பொயலுல கூரையோட சேந்து பொட்டியும் போச்சு. போவட்டும். ஆனா எவனாவது உப்பளத்து வேலை இன்னா பெரிய வேலைன்னு கேட்டா, இன்னைக்கும் இந்தக் கதையத்தான் சொல்லுவேன். எங்கப்பா மிதிச்ச பாத்தில தடம் விழாதுடா.

இத அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்து பாக்கறேன். பதினோரு பேரு படிச்சிருக்கீங்க, ஒரு ஸ்டிக்கர் இல்ல. லாரிக்காரர் பையன் மட்டும் பதில் போட்டிருக்கான்:

"தடம் விழுந்துச்சுடா லூசு, உங்கப்பா அது மேலதான் போயி குந்தினாரு."